பதிவுக்கு 34 டாலர், வரிக்கு 2,330

மயாமியில் ஒருவர் 22 அடி நீளமுள்ள பழைய படகு ஒன்றை 38,000 டாலருக்குப் பேசி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவுட்போர்டு எஞ்சினும் அந்த விலைக்குள் அடக்கம். கையில் காகிதங்களோடு கவுண்டி வரி அலுவலகத்துக்குப் போகிறார். டைட்டில் எனப்படும் உரிமைச் சான்றுக்கு 5.25 டாலர். ஓர் ஆண்டுப் பதிவுக்கு 28.75 டாலர். இரண்டும் சேர்ந்து 34 டாலர். சேவைக் கட்டணம் என்று இன்னும் சில டாலர்கள் ஏறும். இவ்வளவுதானா என்று நிம்மதியாகப் பர்ஸை எடுக்கும்போதுதான் கவுண்டரில் இருப்பவர் ரசீதின் அடுத்த வரியைக் காட்டுவார்: விற்பனை வரி, 2,330 டாலர்.

படகு வாங்க நினைப்பவர்களில் பலரும் 'பதிவுக்கு எவ்வளவு ஆகும்?' என்றுதான் விசாரிக்கிறார்கள். பதில் எளிது, அது பெரிய தொகையே அல்ல. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எந்த மாநிலத்தில் வரி கட்டுவது, எந்த விலைக்குக் கட்டுவது, ஏற்கெனவே ஓரிடத்தில் கட்டியிருந்தால் இன்னோரிடத்தில் கழித்துக்கொள்வார்களா என்பவை அவை. படகு நகரும் பொருள். அதனால் வரிச் சட்டங்கள் அதைத் துரத்துவதற்கென்றே எழுதப்பட்டிருக்கின்றன.

இந்த அத்தியாயம் புளோரிடாவை வைத்து எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவிலேயே அதிகமான படகுகள் பதிவாகியிருக்கும் மாநிலம் அது. எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. மற்ற மாநிலங்களில் தொகைகள் மாறும். முறை பெரும்பாலும் இதேதான். அதற்குக் காரணம் 1958-ல் அமெரிக்க காங்கிரஸ் இயற்றிய படகுச் சட்டம். எஞ்சின் வைத்த படகுகளுக்கு எண் கொடுக்கும் வேலையை நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி வகுத்து, மாநிலங்களின் கையில் அது ஒப்படைத்தது.

நீளத்துக்கு ஏற்ற கட்டணம்

புளோரிடாவில் பதிவுக் கட்டணம் படகின் விலையைப் பார்ப்பதில்லை, வயதைப் பார்ப்பதில்லை, எஞ்சினின் குதிரைத்திறனையும் பார்ப்பதில்லை. நீளம் ஒன்றுதான் கணக்கு. 12 அடிக்குக் குறைவான படகுக்கு ஆண்டுக்கு 5.50 டாலர். 12 முதல் 16 அடிக்குள் இருந்தால் 16.25. 16 முதல் 26 அடிக்குள் 28.75. 26 அடியைத் தொட்டதும் 78.25-க்குத் தாவுகிறது. 40 அடியில் 127.75, 65 அடியில் 152.75. 110 அடிக்கும் மேலான பெருங்கப்பலுக்குக்கூட 189.75 டாலர்தான். கோடிக்கணக்கான டாலர் விலையுள்ள உல்லாசக் கப்பலின் ஆண்டுக் கட்டணம், அதன் சமையலறையில் ஒரு வேளை விருந்துக்கு ஆகும் செலவைவிடக் குறைவாக இருக்கலாம்.

சில கவுண்டிகள் இதற்கு மேல் தங்கள் பங்காக ஒரு கட்டணம் சேர்க்கும். மாநிலக் கட்டணத்தில் பாதி வரை அது போகலாம். எல்லாக் கவுண்டிகளிலும் இது கிடையாது. எனவே பக்கத்துக் கவுண்டியில் இருக்கும் நண்பரின் ரசீதைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது.

26 அடி எல்லையில் விழும் 49.50 டாலர் வித்தியாசம் பலரைத் தேவையில்லாமல் யோசிக்க வைக்கிறது. நீளத்தை அளப்பது படகின் உடலை வைத்துத்தான். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, பின்னால் நீந்துவதற்காக மாட்டிய பலகை, எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட் எதுவும் கணக்கில் சேராது. விளம்பரத்தில் '27 அடி' என்று போட்டிருக்கும் படகு, இவற்றைக் கழித்தால் பதிவேட்டில் 25 அடி சொச்சமாக இருப்பது சகஜம். தயாரிப்பாளரின் தாளில் உள்ள அளவைப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்பினால் போதும். இந்த 49.50 டாலருக்காகச் சின்னப் படகாகப் பார்த்து வாங்குவதில் அர்த்தமே இல்லை. ஒரே நாள் மீன்பிடிக்கப் போய்வந்தால் பெட்ரோலுக்கு அதைவிட அதிகம் ஆகும்.

பதிவே தேவைப்படாத படகுகளும் உண்டு. மோட்டார் இல்லாத கயாக், கேனோ போன்றவற்றுக்கு நீளம் எதுவானாலும் விலக்கு. 16 அடிக்குக் குறைவான, மோட்டார் இல்லாத மற்றப் படகுகளுக்கும் அப்படியே. ஆனால் அந்தக் கயாக்கில் பேட்டரியில் ஓடும் சிறு மின்மோட்டார் ஒன்றை மாட்டிய நிமிடமே விலக்கு போய்விடுகிறது. அதன் பிறகு டைட்டில், பதிவு, எண், ஸ்டிக்கர் எல்லாம் வேண்டும். மீன்பிடிக்கும் கயாக்காரர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இந்தக் கட்டணத்தில் ஒவ்வொரு பதிவிலிருந்தும் 1.50 டாலர் மனாட்டீயைக் காக்கும் நிதிக்குப் போகிறது. பாக் விரிகுடாவில் நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுவுக்கு உறவான விலங்கு இது. கரையோரக் கழிமுகங்களிலும் ஆறுகளிலும் மெதுவாக மேய்ந்து திரியும். வேகப் படகுகளின் மோதல்தான் அதற்குப் பெரிய எமன். அடிப்பவரிடமே மருந்துச் செலவுக்கு வாங்குவது நியாயமான ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும்.

சட்டத்தில் ஒரு சலுகையும் இருக்கிறது. ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் கருவியை வாங்கி, முறைப்படி பதிந்து வைத்திருப்பவருக்குக் கட்டணம் குறையும். 22 அடிப் படகுக்கு 28.75 டாலருக்குப் பதில் 20.40. மிச்சம் 8.35 டாலர். கருவியின் விலை சில நூறு டாலர்கள். சேமிப்புக்காக இதை வாங்குபவர் யாரும் இருக்க முடியாது. கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் போகிறவர் எப்படியும் வாங்கத்தான் வேண்டும். வாங்கிய பிறகு சலுகையைக் கேட்காமல் விடுவானேன்?

வரி எப்படி ஏறுகிறது

மயாமிக்காரரின் 2,330 டாலருக்கு வருவோம். புளோரிடாவின் விற்பனை வரி 6 சதவீதம். 38,000 டாலருக்கு அது 2,280. இதற்கு மேல் கவுண்டியின் உபரி வரி. மயாமி-டேட் கவுண்டியில் அது 1 சதவீதம். அப்படியானால் 380 டாலர் வர வேண்டுமே என்று தோன்றும். வராது. உபரி வரி ஒரு பொருளின் முதல் 5,000 டாலருக்கு மட்டும்தான். எனவே 50 டாலரோடு முடிந்தது. கடையில் யாராவது 'இந்தக் கவுண்டியில் வரி 7 சதவீதம்' என்று சொல்லி மொத்த விலையையும் 7-ஆல் பெருக்கிக் காட்டினால், கணக்குத் தப்பு. 38,000 டாலர் படகில் அந்தத் தப்பு 330 டாலர்.

தனி ஆளிடம் வாங்கினால் வரி இல்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பழைய சோபா, பழைய சைக்கிள் விஷயத்தில் அது சரியாகவே இருக்கலாம். பதிவு செய்ய வேண்டிய படகுக்கு அந்தச் சலுகை கிடையாது. டீலரிடம் வாங்கினால் டீலர் வசூலித்து அரசுக்குக் கட்டுவார். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கினால் வாங்கியவரே பெயர் மாற்றும்போது கவுண்டரில் கட்ட வேண்டும். அதனால் தனி விற்பனையில் பேரம் பேசும்போதே வரியையும் விலையோடு சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது. விற்பவர் 38,000 என்பார். வாங்குபவர் கையிலிருந்து போவது 40,000-ஐத் தாண்டும்.

டீலரிடம் வாங்குவதில் ஓர் அனுகூலம் உண்டு. பழைய படகைக் கொடுத்துப் புதியதை எடுத்தால், பழையதற்குக் கழித்த தொகைக்கு வரி இல்லை. புதுப் படகு 60,000 டாலர், பழையதற்கு டீலர் தருவது 15,000 என்றால், வரி 45,000-க்கு மட்டும். 3,600 டாலருக்குப் பதில் 2,700. பழைய படகைத் தனியே விற்றால் இந்த 900 டாலர் கைக்கு வராது. ஆகவே வெளியே 15,900-க்கு மேல் கொடுக்கும் ஆள் கிடைத்தால்தான் தனியே விற்பது லாபம். பேரத்தில் பலர் மறப்பது இந்த எண்ணைத்தான். மறு பக்கத்தில், டீலர் பில்லில் ஏற்றும் தயாரிப்புக் கட்டணம், ஆவணக் கட்டணம் போன்றவையும் வரிக்குரிய விலையில் சேரும். அவற்றைக் குறைக்கச் சொல்லிக் கேட்டால் இரட்டை லாபம்.

அன்பளிப்பாக வரும் படகுக்கு விற்பனை வரி இல்லை. அப்பா தன் படகை மகளுக்கு எழுதிக்கொடுத்தால் டைட்டில் கட்டணமும் பதிவுக் கட்டணமும்தான். ஆனால் அந்தப் படகின் மேல் வங்கிக் கடன் பாக்கி இருந்து, மகள் அதைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டால், அந்தக் கடன் தொகை விலையாகவே கருதப்படும். அதற்கு வரி உண்டு. இந்த விலக்கைக் காட்டி, விற்ற படகை 'அன்பளிப்பு' என்று எழுதுவதும், 38,000-ஐ 8,000 என்று எழுதுவதும் ஊரெங்கும் நடக்கிற காரியம்தான். விற்பனை ரசீதில் இரண்டு தரப்பும் போடும் கையெழுத்து, சொன்னது உண்மை என்ற உறுதிமொழியின் கீழ் வருகிறது. பொய் என்று தெரிந்தால் வரியோடும் அபராதத்தோடும் விவகாரம் நிற்காது, குற்ற வழக்காகும். விற்றவரும் அதில் சேர்ந்தே மாட்டுவார். பத்திரப் பதிவில் வழிகாட்டி மதிப்பைச் சுற்றி நம்மூரில் விளையாடும் விளையாட்டை அங்கே கொண்டுபோகாதிருப்பது உத்தமம்.

டிரெய்லரை மறந்துவிடக் கூடாது. படகு நீர் வாகனம், டிரெய்லர் சாலை வாகனம். அதற்குத் தனி நம்பர் பிளேட், தனிப் பதிவு. 2,000 பவுண்டும் அதற்கு மேலும் எடையிருந்தால் தனி டைட்டிலும் வேண்டும். ரசீதில் படகின் விலையையும் டிரெய்லரின் விலையையும் பிரித்து எழுதி வாங்கினால் கவுண்டரில் கேள்விகள் குறையும்.

18,000-க்கு மேல் போகாது

புளோரிடாவில் ஒரு படகின் விற்பனைக்கு வசூலிக்கும் வரி 18,000 டாலரைத் தாண்டக் கூடாது. 2010 ஜூலை முதல் இதுதான் சட்டம். 6 சதவீதக் கணக்கில் 18,000 என்பது 3 லட்சம் டாலர் படகுக்கான வரி. அதற்கு மேல் விலை எவ்வளவு ஏறினாலும் வரி ஏறாது. 30 லட்சம் டாலர் படகு வாங்குபவர் கட்டுவதும் அதே 18,000, அதாவது 0.6 சதவீதம். 38,000 டாலர் படகுக்காரர் முழு 6 சதவீதம் கட்டுகிறார். இதில் நியாயம் எங்கே என்று கேட்பவர்களுக்கு மாநிலம் சொல்லும் பதில் வேலைவாய்ப்பு. வரி அதிகமானால் பெரிய படகுக்காரர்கள் வேறு கொடியின் கீழ், வேறு துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள். போனால் பழுதுபார்ப்பவர், பெயிண்ட் அடிப்பவர், மாலுமி, தச்சர் எல்லோருக்கும் வேலை போகும் என்பது வாதம். 2015-ல் பழுதுபார்ப்புக்கும் இதே போல ஓர் உச்சவரம்பு வந்தது: ஒரு பழுதுவேலைக்கு 60,000 டாலருக்கு மேல் வரி இல்லை. பத்து லட்சம் டாலருக்குப் பழுதுபார்க்கிற படகுகளும் அங்கே வந்து போகின்றன என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இந்த வாதத்துக்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. 1990-ல் அமெரிக்க காங்கிரஸ் ஆடம்பர வரி ஒன்றைக் கொண்டுவந்தது. 1 லட்சம் டாலருக்கு மேற்பட்ட படகுக்கு, அந்த 1 லட்சத்தைத் தாண்டும் தொகையில் 10 சதவீதம். 1991 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பணக்காரர்கள் வரி கட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அவர்கள் படகு வாங்குவதை நிறுத்திக்கொண்டார்கள். பழைய படகை வைத்தே ஓட்டினார்கள். பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, படகுகட்டும் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். 1993-ல் படகுகளுக்கான ஆடம்பர வரியை அதே காங்கிரஸ் நீக்கியது. அந்த இரண்டரை ஆண்டு அனுபவத்தை அமெரிக்கப் படகுத் தொழில் இன்றும் ஒவ்வொரு வரி விவாதத்திலும் எடுத்து நீட்டுகிறது. மந்தத்தின் பங்கு எவ்வளவு, வரியின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம் என்பதை மட்டும் அவ்வளவாகச் சொல்வதில்லை. (இந்தியா எதிர்த்திசையில் போயிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுகளுக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி.)

மற்ற மாநிலங்களும் தங்கள் தங்கள் வழியில் வலை விரித்திருக்கின்றன. நியூயார்க்கில் படகின் முதல் 2,30,000 டாலருக்கு மட்டும் விற்பனை வரி. நியூ ஜெர்சி தன் வழக்கமான விகிதத்தில் பாதியை வசூலித்து, 20,000 டாலரில் நிறுத்திக்கொள்கிறது. கனெக்டிகட்டில் 2.99 சதவீதம். வட கரோலினாவில் 3 சதவீதம், அதிகபட்சம் 1,500 டாலர். தென் கரோலினாவில் அதிகபட்சமே 500 டாலர்தான். ரோட் ஐலண்ட் 1993-ல் படகுகளுக்கு விற்பனை வரியையே எடுத்துவிட்டது. டெலவேரில் எந்தப் பொருளுக்குமே விற்பனை வரி கிடையாது.

வாங்கும்போது கட்டுவது ஒன்று, ஆண்டுதோறும் கட்டுவது வேறொன்று. புளோரிடாவின் அரசியல் சட்டமே படகுகளுக்குச் சொத்து வரி கூடாது என்கிறது. கலிபோர்னியாவில் கவுண்டி மதிப்பீட்டாளர் படகை வீடு, நிலத்தைப் போலச் சொத்தாக எழுதிக்கொண்டு, ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் வரி கேட்பார். வாஷிங்டன் மாநிலத்தில் சந்தை மதிப்பில் 0.5 சதவீதம். பத்தாண்டு வைத்திருக்க நினைப்பவர் முதல் நாள் வரியை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் கணக்குத் தவறும்.

படகு எங்கே நிற்கிறது?

இதையெல்லாம் படித்ததும் வரும் முதல் யோசனை எல்லோருக்கும் ஒன்றே: வரி இல்லாத மாநிலத்தில் வாங்கி, இங்கே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாமே?

முடியாது. விற்பனை வரிக்கு இரட்டைப் பிறவியாகப் பயன்பாட்டு வரி என்று ஒன்று இருக்கிறது. வெளியே வாங்கிய பொருளை மாநிலத்துக்குள் கொண்டுவந்து பயன்படுத்தினால் அதே விகிதத்தில் கட்ட வேண்டும். வெளியே ஏற்கெனவே கட்டிய வரி கழித்துக்கொள்ளப்படும். 4 சதவீதம் கட்டியிருந்தால் மீதி 2 சதவீதம். ஒன்றுமே கட்டவில்லை என்றால் முழு 6 சதவீதம். இந்தக் கழிவு அமெரிக்க மாநிலங்களுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் மட்டும். வெளிநாட்டில் கட்டிய வரியைப் புளோரிடா கணக்கில் எடுக்காது. வேறு மாநிலத்தில் வாங்கி, ஆறு மாதமோ அதற்கு மேலோ வெளி மாநிலங்களில் உண்மையாகவே பயன்படுத்திய பிறகு கொண்டுவந்தால், புளோரிடாவுக்காக வாங்கியது அல்ல என்று ஏற்றுக்கொள்வார்கள். அந்த ஆறு மாதத்துக்குப் படகுத்துறை வாடகை ரசீது, எரிபொருள் ரசீது என்று ஆதாரம் காட்ட வேண்டும்.

இதில் அரசியல்வாதியும் தப்பவில்லை. 2010-ல் மாசசூசெட்ஸின் செனட்டர் ஜான் கெர்ரி, நியூசிலாந்தில் கட்டிய 'இசபெல்' என்ற 76 அடிப் பாய்க்கப்பலை வாங்கியிருந்தார். விலை 70 லட்சம் டாலர். அவர் ஊர் பாஸ்டன். கப்பல் நின்றது ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில், படகு வரி இல்லாத இடத்தில். மாசசூசெட்ஸின் 6.25 சதவீதத்தில் கணக்குப் போட்டால் 4,37,500 டாலர். ஜூலையில் செய்தி வெளியானதும் பெரும் சலசலப்பு. பராமரிப்பு வசதிக்காகவே நியூபோர்ட்டில் வைத்திருந்ததாக விளக்கம் சொல்லப்பட்டது. சில நாட்களுக்குள், கடன் உண்டோ இல்லையோ, சுமார் 5 லட்சம் டாலரைக் கட்டிவிடுவதாகக் கெர்ரி அறிவித்தார். செனட்டராக இல்லாதவருக்குப் பத்திரிகை வராது, வரித்துறைக் கடிதம் வரும்; வித்தியாசம் அவ்வளவே.

டெலவேரிலோ மாண்டனாவிலோ ஓர் எல்.எல்.சி. நிறுவனம் தொடங்கி, அதன் பெயரில் படகை வாங்கினால் வரியே இல்லை என்று ஆசை காட்டும் தரகர்கள் உண்டு. நிறுவனம் தொடங்குவது சட்டப்படி சரி. அந்தப் படகு ஆண்டு முழுவதும் புளோரிடாவின் டாம்பாவில் நின்றால், பயன்பாட்டு வரி டாம்பாவில்தான். காகிதம் டெலவேரில் இருப்பதைப் பற்றி வரித்துறைக்குக் கவலை இல்லை. பதிவு எண்ணும் அப்படியே. படகு பெரும்பாலும் ஓடும் மாநிலத்தின் எண்தான் வேண்டும். வேறு மாநில எண்ணோடு புளோரிடாவில் தொடர்ந்து 90 நாள் ஓட்டலாம். அதற்கு மேல் உள்ளூர்ப் பதிவு.

எதிர்த்திசையில், புளோரிடாவில் வாங்கி வெளியே கொண்டுபோகும் வெளியூர்க்காரருக்குச் சட்டம் வழி விட்டிருக்கிறது. வாங்கிய 10 நாளுக்குள் மாநிலத்தை விட்டு வெளியேறினால் வரி இல்லை. 5 நிகர டன்னும் அதற்கு மேலும் உள்ள படகானால் டீலரிடம் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிக்கொண்டு 90 நாள் வரை நிறுத்தலாம். 425 டாலர் கொடுத்தால் இன்னும் 90 நாள். கெடு தவறினால் முழு வரி, அதோடு வரிக்குச் சமமான அபராதம். போன படகு ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்தாலும் வரி விழும். பழுதுபார்க்க வருவதற்கு மட்டும் இடமுண்டு.

புளோரிடாவின் போர்ட் லாடர்டேல் துறைகளில் சில பெரிய படகுகளின் விற்பனை விளம்பரத்தில், அமெரிக்க நீர்ப்பரப்பில் அமெரிக்கவாசிகளுக்கு விற்பனைக்கு அல்ல என்று ஒரு வரி காணலாம். வெளிநாட்டுக் கொடி பறக்கும், சுங்கம் கட்டாத படகுகள் அவை. படகுகளுக்கான அடிப்படைச் சுங்கம் நெடுங்காலமாக 1.5 சதவீதம் அளவில் இருந்தது. 2025-ல் வந்த கூடுதல் இறக்குமதி வரிகளுக்குப் பிறகு, ஐரோப்பாவில் கட்டிய படகை வாங்குபவர் சுங்க முகவரைக் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

கடற்காவல் படையின் பதிவேடு

மாநிலப் பதிவைத் தவிர, மத்திய அரசின் கப்பல் பதிவேடும் ஒன்று இருக்கிறது. 5 நிகர டன்னுக்குக் குறையாத படகை அமெரிக்கக் கடற்காவல் படையின் ஆவண மையத்தில் பதியலாம். இங்கே டன் என்பது எடை அல்ல, கொள்ளளவு. 100 கன அடி ஒரு டன். ஏறத்தாழ 25 அடிக்கு மேற்பட்ட பல படகுகள் தேறிவிடும். முதல் சான்றிதழுக்கு 133 டாலர், பிறகு ஆண்டுக்கு 26. உல்லாசப் படகுக்கு ஐந்தாண்டு வரை சேர்த்தும் கட்டலாம். பஹாமாஸ் போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குப் போகிறவருக்கு இது சௌகரியம். பெரிய கடன் கொடுக்கும் வங்கிகள் இதைக் கட்டாயமாகவே கேட்கும்.

இதில் பதிந்துவிட்டால் மாநில வரி இல்லை என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். மாநில டைட்டில் மட்டும் தேவைப்படாது. விற்பனை வரி உண்டு. புளோரிடாவில் பதிவுக் கட்டணமும் உண்டு; ஸ்டிக்கர் ஒட்டித்தான் ஆக வேண்டும். எஃப்.எல். என்று தொடங்கும் மாநிலப் பதிவு எண்ணுக்குப் பதில் படகின் பெயரும் ஊரும் வெளியே எழுதப்படும், அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை. பதிவேடு பொது ஆவணம் என்பதால், உரிமையாளரின் முகவரிக்கு அரசு முத்திரை போலத் தோன்றும் கடிதங்கள் வரும். புதுப்பிக்க இத்தனை நூறு டாலர் கட்டுங்கள் என்றிருக்கும். அனுப்புவது தனியார் நிறுவனங்கள். கடற்காவல் படையே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. 26 டாலர் வேலைக்கு யாராவது நூறைத் தாண்டிக் கேட்டால் அது அரசு அல்ல.

கடனில் வாங்கிய படகில் படுக்கை, சமையல் வசதி, கழிப்பறை மூன்றும் இருந்தால் வருமான வரிச் சட்டம் அதை இரண்டாவது வீடாக ஏற்கிறது. வட்டியைக் கழித்துக்கொள்ளலாம். கட்டிய விற்பனை வரியையும் மாநில, உள்ளூர் வரிகளுக்கான உச்சவரம்புக்குள் கழிக்கலாம். ஆனால் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டி வரிக்கணக்கு போடுபவருக்கு மட்டுமே இரண்டும். நிலையான கழிவை எடுத்துக்கொள்ளும் பெரும்பாலானோருக்குப் பயனில்லை.

கவுண்டருக்குப் போகும் முன்

வாங்கிய 30 நாளுக்குள் டைட்டிலுக்கும் பதிவுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். புதுப் படகானால் தயாரிப்பாளர் தரும் மூலச் சான்று. பழையதானால் விற்றவர் கையெழுத்திட்ட டைட்டில், விலை எழுதிய விற்பனை ரசீது, வாங்குபவரின் அடையாள அட்டை. ஆர்.சி. புத்தகம் கையில் வராமல் நம்மூரில் யாரும் வண்டிக்குப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. படகு டைட்டிலிலும் அதே பிடிவாதம் வேண்டும். 'டைட்டில் தொலைந்துவிட்டது, பிறகு அனுப்புகிறேன்' என்பவரிடம் நகல் வாங்கி வரச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவதே சரி. டைட்டிலில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்தது என்ற கடிதம் வரும் வரை பணம் கைமாறக் கூடாது.

படகின் பின்பக்க வலது மூலையில் 12 எழுத்தும் எண்ணுமாக உடல் அடையாள எண் பொறித்திருக்கும். 1972 நவம்பருக்குப் பிறகு கட்டிய படகுகள் எல்லாவற்றுக்கும் இது உண்டு. டைட்டிலில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கவுண்டரில் விண்ணப்பம் திரும்பும். எழுத்துப் பிழையாக இருந்தால் திருத்தலாம். திருட்டுப் படகாக இருந்தால் வரியோடு விலையும் போகும்.

எண் கிடைத்ததும் முன்பகுதியின் இரு பக்கமும் எழுத வேண்டும். எஃப்.எல்., நான்கு இலக்கம், இரண்டு எழுத்து. மூன்று இன்ச்சுக்குக் குறையாத உயரம், படகின் நிறத்துக்கு எடுப்பான நிறம், அலங்காரமில்லாத எழுத்து. ஸ்டிக்கர் இடப்பக்கம், எண்ணிலிருந்து ஆறு இன்ச்சுக்குள். தனிநபர் பதிவு அவர் பிறந்தநாள் நள்ளிரவோடு காலாவதியாகும். நிறுவனத்தின் பெயரில் இருந்தால் ஜூன் 30. இரண்டு ஆண்டுக்குச் சேர்த்துப் புதுப்பிக்கும் வசதி இருக்கிறது. தொகை இரட்டிப்பதைத் தவிர வேறு நஷ்டமில்லை.

சட்டப்படி காப்பீடு கட்டாயமில்லை. ஆனால் கடன் கொடுத்த வங்கியும், படகை நிறுத்த இடம் கொடுக்கும் மரீனாவும் காப்பீட்டுத் தாளைக் கேட்காமல் விடாது. ஆண்டுச் செலவுக் கணக்கில் பதிவுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு பெரிய வரி அது. 1988 ஜனவரி 1-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர் 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள படகை ஓட்டப் படகுப் பாதுகாப்புக் கல்வி அட்டை வைத்திருக்க வேண்டும்.

விற்கும்போது ஒரு வேலை பாக்கியிருக்கிறது. டைட்டிலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதாது. 82050 என்ற விற்பனை அறிவிப்புப் படிவத்தை நிரப்பி, 30 நாளுக்குள் கவுண்டி அலுவலகத்தில் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டி, ஒரு பாலத்தூணில் மோதிவிட்டுப் போனால், பதிவேட்டில் இருக்கும் பழைய பெயரைத் தேடித்தான் முதலில் ஆள் வருவார்.